பவுண்டரி, கிரஷர் பக்கம் நெஞ்சு எக்ஸ்ரே சர்வே போடப் போறீங்களா? வண்டி புக் பண்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

போன மாசம் காலேஜ் பசங்க நாலு பேரு வந்து, "அண்ணா, கோயமுத்தூர் கணபதி பக்கம் பவுண்டரியில வேல செய்யறவங்களுக்கு எக்ஸ்ரே கேம்ப் போட்டு சிலிக்கோசிஸ் (மணலு, கல்லுல இருக்கற சிலிகாத் தூசி நுரையீரல்ல தங்கி தழும்பாக்கற சீக்கு) எத்தன பேருக்கு இருக்குன்னு பாக்கப் போறோம், என்னென்ன பண்ணோணும்"னு கேட்டாங்க. எக்ஸ்ரே வண்டி ரெடி, டாக்டர் ரெடி, காசும் ரெடியாம். சரி, யார எடுக்கப் போறீங்கன்னு கேட்டேன். "வர்றவங்கள எடுப்போம்ணா"ன்னாங்க. அங்கயே பாதி சர்வே போச்சுங்க. டீக்கடை பெஞ்சுல உக்காந்து ரெண்டு மணி நேரம் அவங்களுக்குச் சொன்னதத்தான் இங்க எழுதறேன், கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஒண்ணு தெளிவாயிரோணும். ஆஸ்பத்திரில டாக்டர் ஒரு ஆளோட எக்ஸ்ரேவ பாக்கறது வேற, நாம முன்னூறு பேரோட எக்ஸ்ரேவ பாக்கறது வேற. டாக்டருக்கு அந்த ஆளு என்ன வேல செஞ்சாரு, எத்தன நாளா இருமல், சளியில என்ன வந்துச்சு எல்லாமே தெரியோணும், தெரிஞ்சாத்தான் சீக்கு இன்னதுன்னு சொல்ல முடியும். சர்வேல அப்படியே தலகீழு. படத்தப் படிக்கறவருக்கு அந்த ஆளப் பத்தி ஒண்ணுமே தெரியக் கூடாது, படத்துல கண்ணுக்குத் தெரியறத மட்டும் ஒரு கோடா எழுதி வெச்சுட்டுப் போயிட்டே இருக்கோணும். அந்தக் கோடு நோயோட பேரும் இல்ல, நஷ்டஈடு சர்டிபிகேட்டும் இல்ல. எந்த வேலைல, எத்தன வருசத்துக்கு அப்புறம், எத்தன பேரு நுரையீரல்ல மாத்தம் தெரியுதுன்னு எண்ணறதுக்கான ஒரு அளவுகோல், அவ்வளவுதான்.

அடுத்தது, உங்க தூசிக்கு எக்ஸ்ரே சரிப்படுமான்னு பாருங்க. நம்மூர்ல தூசிக்கு என்னங்க பஞ்சம். ஆனா எல்லாத் தூசியும் படத்துல விழாது. ஸ்பின்னிங் மில்லு பஞ்சுத் தூசியால வர்ற பிசினோசிஸ எடுத்துக்கோங்க, வார லீவு முடிஞ்சு திரும்ப மில்லுக்குள்ள நொழஞ்ச மொத நாளு நெஞ்சப் புடிச்சாப்ல இறுக்கும், அதுதான் அதோட அடையாளம், எக்ஸ்ரேல அதுக்குன்னு தனியா ஒண்ணும் தெரியாது. சோமனூர், பல்லடம் பக்கம் மில்லு ஆளுங்களுக்கு எக்ஸ்ரே வண்டி கொண்டு போய் நிறுத்திட்டு "எல்லாம் நார்மல்"னு ரிப்போர்ட் எழுதினா மொதலாளிக்கு சந்தோசம், ஆனா அது பொய்யி. அங்க வேண்டியது கேள்வித்தாளும், ஷிஃப்டுக்கு முன்னயும் பின்னயும் ஊதிப் பாக்கற ஸ்பைரோமெட்ரியும் தான். எக்ஸ்ரே எதுக்குன்னா, தூசி உள்ள போய்த் தங்கி தழும்பு ஆகற கேஸுக்கு: பவுண்டரி மணலு, கல் குவாரி, காரணம்பேட்டை மாதிரி கிரஷர் பக்கம் வர்ற தூசி, கிரைண்டர் கல்லு கொத்தறது, மணல அடிச்சு ஜீன்ஸ வெளுக்கறது. கடைசில சொன்னத சாதாரணமா நெனச்சுராதீங்க, துருக்கில சின்னப் பசங்க அந்த வேலைல சில வருசத்துலயே சிலிக்கோசிஸ் வந்து செத்த பொறவு 2009ல அந்த நாடு அத தடையே பண்ணுச்சு. சிலிகாத் தூசி கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார அமைப்போட கேன்சர் ஆராய்ச்சிப் பிரிவு 1997லயே மொத குரூப்புல, அதாவது கேன்சர் வரும்னு உறுதியான லிஸ்ட்டுல, சேத்தாச்சு.

இப்ப ஆளுங்க விசயம். இதுலதான் நான் வாங்கின அடிய சொல்லோணும். பல வருசத்துக்கு முந்தி ஒரு கிரஷர் ஏரியால நாங்க கேம்ப் போட்டோம், மஸ்டர் ரோல்ல (கம்பெனியோட வருகைப் பதிவேடு) இருந்த பேரு அத்தனையும் எடுத்தோம், ஒருத்தரு விடாம. ரெண்டு நாள் முச்சூடும் வேல. படத்தையெல்லாம் பாத்தா பெருசா ஒண்ணும் காணோம். அட பரவால்லயேன்னு நெனச்சுட்டு பொழுதோட சாமானெல்லாம் கட்டி வண்டில ஏத்திட்டு இருக்கறப்ப, பஸ் ஸ்டாப்புல டீ ஆத்திட்டு இருந்த அம்மா கேக்கறாங்க, "ஏனுங் தம்பி, எங்கூட்டுக்காரரு பதினஞ்சு வருசம் அங்கதான் கல்லு ஒடச்சாரு, இப்ப கட்டல விட்டு எந்திரிக்க முடியல, அவர ஏன் கூப்புடல?" எங்க கிட்ட பதில் இல்ல. அவரு மஸ்டர்ல இல்ல, அவ்வளவுதான் காரணம். மூச்சு வாங்கறவன் வேலைய விட்டுட்டுப் போயிருவான், நல்லா இருக்கறவன் மட்டும்தான் வரிசைல நிப்பான், அந்த வரிசைய மட்டும் எண்ணிட்டு எல்லாரும் சௌக்கியம்னு சொன்னா எப்படி. இதுக்கு ஆங்கிலத்துல ஹெல்தி வொர்க்கர் எஃபெக்ட்னு பேரு வெச்சிருக்காங்க, எனக்கு இப்பவும் அந்த டீக்கடை அம்மாதான் ஞாபகத்துக்கு வருவாங்க.

கணக்காப் பாருங்க, சும்மா உதாரணத்துக்குத்தான். இப்ப வேலைல இருக்கறவங்க 300 பேரு, அதுல 24 பேரு படத்துல மாத்தம், 8 சதவீதம். அதே பட்டறைய விட்டுப் போனவங்க 60 பேரத் தேடிப் புடிச்சு எடுத்தா அதுல 15 பேருக்கு, 25 சதவீதம். ரெண்டையும் சேத்தா 360ல 39, கிட்டத்தட்ட 11 சதவீதம். அந்த அறுவது பேர விட்டா உங்க ரிப்போர்ட்டே வேற கதையாயிரும். அதனால லிஸ்ட்ட கம்பெனில இருந்து மட்டும் வாங்காதீங்க. மேஸ்திரி, ரேஷன் கடை, கிராம நர்ஸம்மா, பழைய பி.எஃப். ரிஜிஸ்டர் கெடச்சா அது, எல்லாத்தையும் வெச்சு, கடந்த பத்திருவது வருசத்துல அங்க வேல செஞ்சவங்க யாரு யாருன்னு ஊருக்குள்ள போய் எழுதுங்க. செத்துப் போனவங்க பேரையும் எழுதுங்க, என்ன வயசுல, என்ன சீக்குலன்னு. பிரிட்டன்ல சவுத் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கப் பள்ளத்தாக்குல ஆர்ச்சி கோக்ரேன்னு ஒரு டாக்டர் 1950கள்ல பண்ணின சர்வேவ இன்னைக்கும் பேசறாங்கன்னா, வூடு வூடா ஆளுங்கள அலைய விட்டு கிட்டத்தட்ட 90 சதவீதம் பேர எக்ஸ்ரேக்குக் கொண்டு வந்ததாலதான். மெஷின் இப்ப நம்ம கிட்ட இருக்கறது அத விட எவ்வளவோ நல்ல மெஷின், ஆளக் கொண்டு வர்றதுல தான் நாம தோக்கறோம்.

இப்ப பவுண்டரில பாதிக்கு மேல பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆளுங்களா இருப்பாங்க, ஊருக்குப் போயிட்டா போனதுதான். தீபாவளி, சத் பூஜை சமயத்துல கேம்ப் வெக்காதீங்க. வராதவங்க எத்தன பேரு, ஏன் வரலன்னு ஒரு நோட்டுல தனியா எழுதி வெக்கோணும், அந்த நோட்டும் ரிசல்ட்டுல ஒரு பாகம்தான்.

கூடவே தூசி படாத ஒரு கூட்டமும் வேணும். வயசு ஏறினாலும், பீடி குடிச்சாலும் படத்துல லேசா கோடு கோடாத் தெரியறது உண்டு, சிலிகாவே பாக்காத ஆளுக்கும். ஒப்பிட ஆளில்லாம போனா அதையும் பட்டறை கணக்குல எழுதிருவீங்க. பஸ் கண்டக்டர், மளிகைக்கடை ஆளுங்க, பனியன் கம்பெனி டெய்லர் மாதிரி, அதே வயசு, அதே பீடிப் பழக்கம், அதே ஊரு. இவங்க படமும் அதே மெஷின்ல, அதே ரேடியோகிராபர் எடுத்ததா இருக்கோணும்.

வேல வரலாறு கேக்கறத மளார்னு முடிச்சராதீங்க. "பவுண்டரி, 16 வருசம்"னு எழுதினா அது எதுக்கும் ஆகாது. மோல்டிங்கா (மணல் அச்சு செய்யறது), கோர் (வார்ப்புக்குள்ள ஓட்டை விட வெக்கற மணல் அச்சு) அடிக்கறதா, நாக்அவுட்டா (மணல ஒடச்சு வார்ப்ப எடுக்கறது), ஃபெட்லிங்கா? ஃபெட்லிங்ல, வார்ப்புல ஒட்டின மணல கிரைண்டர் போட்டு செதுக்கறவன் குடிக்கற தூசியும், அக்கட்ட பேட்டர்ன் செய்யறவன் குடிக்கற தூசியும் ஒண்ணா? முடிஞ்சா தூசிய அளந்துருங்க, சட்டையோட காலர்ல சைக்ளோன் (நுரையீரல் வரைக்கும் போற நுண்ணிய தூசிய மட்டும் பிரிச்சுப் புடிக்கற சின்னக் கருவி) மாட்டி, இடுப்புல சின்ன பம்ப் கட்டி, ஒரு ஷிஃப்ட் முச்சூடும். பொறவு அளவ வருசத்தால பெருக்கிக் கூட்டறது. ஃபெட்லிங்ல கனமீட்டருக்கு 0.2 மில்லிகிராம் சிலிகா, 10 வருசம், மோல்டிங்ல 0.05, 6 வருசம்னு வெச்சுக்கோங்க, 2 கூட்டல் 0.3, மொத்தம் 2.3 மில்லிகிராம்-வருசம். இந்த நம்பர் ஏற ஏற படத்துல மாத்தம் இருக்கறவங்க சதவீதமும் ஏறுதான்னு பாக்கறதுதான் சர்வேயோட உயிரு. அது ஏறலன்னா எங்கயோ தப்பு, ஒண்ணு அளவுல, இல்ல ஆளுங்கள சேத்ததுல, இல்ல படிச்சதுல. இன்னொண்ணு, சிலிக்கோசிஸ் பெரும்பாலும் பத்து வருசத்துக்கு மேல தூசி குடிச்ச பொறவுதான் படத்துல தெரியும், தூசி ரொம்ப அதிகமா இருந்தா அதுக்கு முன்னாடியும் வரும். ரெண்டு வருசம் முந்தி சேந்த பசங்கள மட்டும் எடுத்துட்டு சுத்தமா இருக்குன்னு சொல்லாதீங்க.

படம் எடுக்கறது. மெஷினுக்கு ஏ.இ.ஆர்.பி. (மத்திய அரசோட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) லைசென்ஸ் இருக்கான்னு மொதல்ல பாருங்க, வண்டில இருந்தாலும் லைசென்ஸ் வேணும். கதிர் பயம் கேப்பாங்க, ஒரு நெஞ்சு படத்துக்கு சுமார் 0.02 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கற கதிரோட அளவு), நாம சும்மா உக்காந்திருந்தாலே மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் உலக சராசரியா வருசத்துக்கு 2.4 வருது, அப்ப மூணு நாளு கணக்குதான்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க. கர்ப்பமா இருக்கற பொண்ணுங்கள எடுக்க வேண்டாம், அதக் கேக்கறதுக்கு ஒரு பொம்பள ஆளு இருக்கோணும், ரேடியோகிராபர் தம்பி சத்தமாக் கேட்டா ஆரும் உண்மை சொல்ல மாட்டாங்க.

ஆளு நெஞ்ச பிளேட்டுல ஒட்டி நிக்கோணும், டியூப் முதுகுப் பக்கம் 180 சென்டிமீட்டர் தூரத்துல, கேவி (டியூப்புக்குக் குடுக்கற கிலோவோல்ட்) நூத்துக்கு மேல. முழங்கை ரெண்டையும் முன்னாடி தள்ளச் சொல்லுங்க, இல்லாட்டி தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல வந்து விழும். ஜடை இருந்தா மேல தூக்கிக் கொண்டை போடுங்க, எண்ணெய் வெச்சு இறுக்கிப் பின்னின ஜடை கழுத்தோரமா விழுந்தா மேல் பாகத்துல ஏதோ கட்டி மாதிரியே தெரியும், ஒரு தடவ நானே ஏமாந்திருக்கேன். தாயத்து, சட்டைப் பை சில்லறை, ஜாக்கெட் ஊக்கு எல்லாம் எடுக்கோணும். தாலிய கழட்டச் சொன்னா அந்தம்மா அடுத்த கேம்ப்புக்கு வரவே மாட்டாங்க, தூக்கி வாயில கவ்விக்கச் சொல்லுங்க, வேல முடிஞ்சுது. மூச்ச முழுசா இழுத்துப் புடிக்கோணும், அரைகுறையா இழுத்தா அடி பாகம் அப்படியே மங்கி, இல்லாத புள்ளியெல்லாம் இருக்கற மாதிரி தெரியும். ஹிந்தி ஆளுங்களுக்கு "சாஸ் அந்தர் கீஞ்சோ, ரோக்கோ"ன்னு ஒரு தடவ சொல்லிக் குடுத்து, வெறும் மூச்சு இழுக்க வெச்சுப் பாத்துட்டு அப்புறமா பட்டன அழுத்துங்க. எக்ஸ்போஷர் கம்மியா போனா புள்ளி அதிகமாத் தெரியும், அதிகமா போனா புள்ளி காணாமப் போயிரும். பட்டறை ஆளுங்கள ஒரு மெஷின்லயும் மத்தவங்கள இன்னொரு மெஷின்லயும் எடுக்காதீங்கன்னு மேல சொன்னது இதுக்காகத்தான்.

டிஜிட்டல்னா டைகாம் (மெஷின்ல இருந்து வர்ற அசல் மெடிக்கல் படம்) ஃபைலாவே வாங்கிக்கோங்க. வாட்ஸப்புல வந்த போட்டோ, ஏ4 பேப்பர்ல அடிச்ச பிரிண்ட், சின்னதாக்கின ஃபிலிம் எதுவும் வேண்டாம். சில சென்டர்ல படம் பளிச்சுன்னு தெரியோணும்னு ஓரத்தையெல்லாம் கூர்மையாக்கற செட்டிங் போட்டு வெச்சிருப்பாங்க, அது ரத்தக்குழாயவே புள்ளியாக் காட்டும். மொத நாளே சொல்லி நிறுத்துங்க.

இனி படிக்கறது. இதுக்கு ஐ.எல்.ஓ.ன்னு சொல்ற சர்வதேசத் தொழிலாளர் அமைப்போட வகைப்பாடு இருக்கு, 1950ல இருந்து திருத்தித் திருத்தி வந்துட்டு இருக்கு, டிஜிட்டல் படத்துக்கும் சேத்து 2011ல விரிவாக்கினாங்க, கடைசியா 2022ல ஒண்ணு வந்திருக்கு. ரெண்டு நுரையீரலையும் மேல், நடு, கீழ்னு ஆறு பாகமாப் பிரிச்சுக்கறது. சின்னப் புள்ளி உருண்டையா இருந்தா பி (p), க்யூ (q), ஆர் (r), ஒழுங்கில்லாம கோடு மாதிரி இருந்தா எஸ் (s), டி (t), யூ (u). 1.5 மில்லிமீட்டர் வரைக்கும் மொத எழுத்து, 3 வரைக்கும் ரெண்டாவது, 10 வரைக்கும் மூணாவது. சிலிகான்னா பொதுவா உருண்டை, மேல் பாகத்துல ஆரம்பிக்கும், ஆஸ்பெஸ்டாஸ்னா கோடு, கீழ் பாகம். 10 மில்லிமீட்டருக்கு மேல போனா அது பெரிய நிழல், அளவு ஏற ஏற ஏ (A), பி (B), சி (C).

எவ்வளவு அடர்த்தியா இருக்குங்கறதுதான் முக்கியம். 0, 1, 2, 3ன்னு நாலு படி, ஒவ்வொண்ணயும் மூணாப் பிரிச்சு மொத்தம் பன்னெண்டு. 1/0ன்னு எழுதினா என்ன அர்த்தம்னா, நான் 1ன்னு முடிவு பண்ணிட்டேன், ஆனா 0வா இருக்குமோன்னு நல்லா யோசிச்சேன். 0/1ன்னா 0ன்னு முடிவு, 1ஆ இருக்குமோன்னு யோசிச்சேன். படிக்கறவனோட சந்தேகத்தையும் சேத்து எழுதி வாங்கற இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் புடிக்கும், வேற எந்த டெஸ்ட்டுலயும் இப்படி ஒண்ணு நான் பாத்ததில்ல. பெரும்பாலான ஆய்வுல 1/0வும் அதுக்கு மேலயும் இருந்தா மாத்தம் இருக்குன்னு கணக்கு. அத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சிருங்க, ரிசல்ட் பாத்துட்டு கோட்ட அக்கட்ட இக்கட்ட நகத்தக் கூடாது.

ஐ.எல்.ஓ. தர்ற ஸ்டாண்டர்டு படங்கள பக்கத்துலயே தொறந்து வெச்சு, ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் படிக்கோணும். "நான் முப்பது வருசமாப் பாக்கறேன், எனக்குத் தெரியாதா"ன்னு சொல்ற பெரிய டாக்டர நான் பாத்திருக்கேன், அவரு காலைல படிச்சதும் மத்தியானம் படிச்சதும் அவருக்கே ஒத்துப் போகல. அவர் மேல குத்தம் இல்ல, மனுசக் கண்ணு அப்படித்தான். அதனால மூணு பேரு, தனித்தனியா, ஒருத்தரு எழுதினத இன்னொருத்தரு பாக்காம படிக்கோணும். பேரு, வயசு, கம்பெனி எல்லாத்தையும் மறைச்சு நம்பர் மட்டும் போடுங்க, பட்டறை ஆளு படத்தையும் கண்டக்டர் படத்தையும் கலந்து குலுக்குங்க. பத்துல ஒரு படத்த சொல்லாமக் கொள்ளாம ரெண்டாவது தடவையும் உள்ள விடுங்க. மூணு பேரு 0/1, 1/0, 1/1ன்னு எழுதினா நடுவுல இருக்கற 1/0வ எடுத்துக்கறது.

ஒத்துப் போறத சதவீதத்துல சொல்லி பெருமைப்படாதீங்க. உதாரணத்துக்கு 100 படம், ரெண்டு டாக்டர், ஆளுக்கு 20 படத்துல மாத்தம்னு சொல்றாங்க, ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னது 12. மாத்தம் இல்லைன்னு ஒண்ணாச் சொன்னது 72. ஆக 84 சதவீதம் ஒத்துப் போச்சு, கேக்க ஜோரா இருக்கு. ஆனா ரெண்டு பேரும் படத்தையே பாக்காம குருட்டாம்போக்குல சொல்லியிருந்தாலும் 68 சதவீதம் தன்னால ஒத்துப் போயிருக்கும். அதக் கழிச்சுப் பாத்தா, 16ஐ 32ஆல வகுத்து, கப்பா (குருட்டாம்போக்குல ஒத்துப் போறதக் கழிச்ச அளவு, முழுசா ஒத்துப் போனா 1) 0.5. சுமார் ரகம்தான். இத ரிப்போர்ட்டுல மறைக்காம எழுதுங்க. இப்ப ஏ.ஐ. சாஃப்ட்வேர் வெச்சு படிச்சரலாமேன்னு அந்தப் பசங்க கேட்டாங்க. காசநோய் தேடறதுக்கு அந்த மாதிரி சாஃப்ட்வேர 2021ல உலக சுகாதார அமைப்பு ஒத்துக்கிட்டது நெசந்தான், ஆனா காசநோய்க்குப் பழக்கினது சிலிகாப் புள்ளிக்கு என்ன சொல்லும்னு நீங்களே சோதிச்சுப் பாக்காம நம்பாதீங்க.

காசநோய்னு சொன்னதும் ஞாபகம் வருது, இது நம்ம நாட்டுல பெரிய தலைவலி. ரெண்டுமே மேல் பாகத்துலதான் ஒக்காரும், படத்துல ஒண்ணப் போலவே இன்னொண்ணு தெரியும், போதாக்கொறைக்கு சிலிக்கோசிஸ் இருக்கறவனுக்கு டி.பி. வர்ற வாய்ப்பும் அதிகம். எத்தனையோ கல்லொடைக்கற ஆளுங்க திரும்பத் திரும்ப டி.பி. மாத்திர சாப்ட்டுட்டே இருப்பாங்க, கொறையாது, ஏன்னா அடியில இருக்கறது வேற. படிக்கற ஃபாரத்துல டி.பி.க்கு தனிக் குறி இருக்கு, சந்தேகம்னா போட்டு வெச்சு அன்னைக்கே தனியா எடுத்து வைங்க. சர்வே முடியட்டும்னு காத்திருக்காம அதே வாரம் சளி டெஸ்ட்டுக்கு அனுப்புங்க, அரசு ஆஸ்பத்திரில காசு இல்லாமப் பாக்கறாங்க.

எக்ஸ்ரே எல்லாத்தையும் புடிச்சிராதுங்கறதையும் சொல்லிரோணும். தென்னாப்பிரிக்காவுல தங்கச் சுரங்க ஆளுங்க செத்த பொறவு நுரையீரல அறுத்துப் பாத்தும், உயிரோட இருந்தப்ப எடுத்த படத்தோட ஒப்பிட்டும் பாத்திருக்காங்க, படத்துல நார்மல்னு போன பல பேருக்கு உள்ள சிலிக்கோசிஸ் இருந்துச்சு. அதனால உங்க சதவீதம் கொறஞ்சபட்சக் கணக்குன்னு எழுதுங்க. அப்படியே எதிர்ப்பக்கமும், வெல்டர்களுக்கு இரும்புப் புகை படிஞ்சு படம் முழுக்க புள்ளியாத் தெரியும், ஊதச் சொன்னா நல்லா ஊதுவாங்க. படத்த மட்டும் வெச்சு ஆருக்கும் வெசனத்தக் கெளப்பாதீங்க.

கடைசியா ரிசல்ட் குடுக்கறது. எதிக்ஸ் கமிட்டி, கையெழுத்து வாங்கின சம்மதம் எல்லாம் இருக்கோணும், அது சொல்லித் தெரிய வேண்டியதில்ல. ஆனா சம்மதம் வாங்கறப்பவே ஒண்ணு சொல்லிருங்க: சிலிக்கோசிஸ் சட்டப்படி தெரியப்படுத்த வேண்டிய நோய், 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாவது அட்டவணைலயே இருந்துச்சு, 2025ல அதுக்குப் பதிலா நடைமுறைக்கு வந்த சட்டத்துலயும் இருக்கு, ஆஸ்பத்திரில உறுதியானா டாக்டர் அரசுக்குச் சொல்லியாகோணும். அரசுக்குப் போறது வேற, காண்ட்ராக்டர் கைக்குப் போறது வேற. கம்பெனி ஆபீஸ்ல பேரு போட்ட லிஸ்ட்டு கேப்பாங்க, எடம் குடுத்தோம் கரண்ட்டு குடுத்தோம்னு உரிமையா கேப்பாங்க. பிரிவு வாரியா எத்தன பேருங்கற நம்பர் மட்டும் குடுங்க. ஒரு தடவ எங்க கூட வந்த ஒருத்தரு நல்ல மனசுல சூப்பர்வைசர் கிட்ட நாலு பேரு பேரச் சொல்லிட்டாரு, அடுத்த திங்கக்கெழம அந்த நாலு பேருக்கும் வேல இல்ல.

கவர்ல போட்டு, ஞாயித்துக்கெழம, பட்டறைக்கு வெளிய, ஆளு கைல குடுங்க, தமிழ் படிக்கத் தெரியாதவங்களுக்கு அவங்க பாஷைல ஒருத்தர் வாயால சொல்லோணும். ஈ.எஸ்.ஐ. இருக்கறவங்களுக்கு எந்த எடத்துக்கு, எந்தக் காகிதத்தோட போகோணும்னு அதுலயே எழுதுங்க. குடுத்து முடிச்சா கொஞ்சம் கவர் மிஞ்சும், ஊருக்குப் போயிட்டாங்க, நம்பர் மாத்திட்டாங்க. அத தூக்கி பீரோல போட்டராம நம்பர் வாரியா ஒரு நோட்டுல எழுதி, மாசத்துக்கு ஒருக்கா மேஸ்திரிக்கு போன் போட்டு ஆளு வந்தாச்சான்னு கேளுங்க. அந்தப் பசங்க கிட்டயும் இதான் சொன்னேன், இப்ப அவங்க பழைய ஆளுங்க லிஸ்ட் எழுதிட்டு இருக்காங்க, வண்டி இன்னும் புக் பண்ணல.